தேக்கு ரீப்பரின் மேல் ஓடிய மின்சாரம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் பெல்ஜியம் கண்ணாடிகளையும் ஆத்தங்குடிக் கற்களையும் விட்டுவைப்பதில்லை. சுவரோரமாக, நிலைப்படியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஏறி, உத்தரத்தின் கீழே மறைந்துபோகும் மின்கம்பியைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. படம் எடுப்பவர்கள் அது படத்தில் விழாத கோணமாகத் தேடுகிறார்கள். இன்று அந்த வீடுகளின் வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்துகொண்டு, ஊர் வீட்டு விளக்கையும் தண்ணீர் மோட்டாரையும் வாசல் கேமராவையும் கைப்பேசியிலேயே ஆள விரும்புகிறார்கள். விருப்பம் நியாயமானது. பழைய வீட்டில் கருவி உறுத்தாமல் இருக்க வேண்டும் என்ற கவலையும் நியாயமானது. ஆனால் உறுத்தாமல் இருக்க ஒரே வழி எல்லாவற்றையும் சுவருக்குள் புதைப்பதுதான் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இதே சுவர்களில் மின்சாரம் ஏறிய வரலாறு வேறு வழியைக் காட்டுகிறது. அன்றைய ஒயர்மேன்கள் சுவரைக் கீறவில்லை. கழற்றி எடுத்தால் வீடு பழையபடி நிற்கும் விதமாகவே கம்பி ஓட்டினார்கள். ஒரு கருவி அடக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்பதற்கு அதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. அந்த அரிசி விளையக் கடன் கொடுத்தவர்கள் இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் போட்ட கணக்கில், அங்கிருந்த நகரத்தார் கடைகள் ஏறக்குறைய 1,650. போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். மின்சாரமோ தன் போக்கில் மெதுவாக வந்தது. சென்னை மாகாண அரசின் மின் துறை தொடங்கியது 1927இல். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல், மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல் ஓடத் தொடங்கின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் உள்ள வீடுகளில் பெரும்பகுதி மின்சாரத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. மின்சாரம் வந்தபோது சுவர் பூசி, மெருகேற்றி, பல கல்யாணமும் பார்த்துவிட்டிருந்தது. கம்பி வந்த வேளையில் பணமும் சுருங்கிக்கொண்டிருந்தது. 1930இல் அரிசி விலை சரிந்தபின் கடன்காரர்களின் நிலம் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் அவர்கள் பங்கு 1930இல் 6 சதவீதமாக இருந்து 1938க்குள் 25 சதவீதமானது. வயல் பெருகியதே தவிர ரொக்கம் அதில் முடங்கிப்போனது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்த வயலும் எட்டாமல் போயிற்று. ஆக, மின்சாரத்துக்காக வீட்டை இடித்துக் கட்டும் நிலையில் பலர் இல்லை. இருந்த வீட்டின் மேலேயே கம்பியை ஏற்றினார்கள்.

எப்படி ஏற்றினார்கள் என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரில் சிறு துளை போட்டு அதில் ஆப்பு போலச் செதுக்கிய மரக்கட்டையை இறுக்குவார்கள். கட்டைகளின் மேல் ஒரு விரல், இரண்டு விரல் அகலத் தேக்கு ரீப்பரை வைத்து ஸ்குரூ முடுக்குவார்கள். ரீப்பரில் வரிசையாகத் தகட்டு கிளிப்புகளைச் சிற்றாணியால் அடித்து, ரப்பர் உறை போட்ட கம்பியை வைத்து, கிளிப்பை மடக்கிப் பூட்டுவார்கள். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும் இடத்தில் சுவருக்குள் பீங்கான் குழாய். சுவிட்சு வரும் இடத்தில் வட்ட மரக்கட்டை, அதாவது ரவுண்ட் பிளாக். அதன் மேல் பீங்கான் அடியும் பித்தளை அல்லது பேக்கலைட் மூடியும் கொண்ட குமிழ் சுவிட்சு. வசதி கூடிய வீடுகளில் கேசிங் கேப்பிங்: இரண்டு காடி எடுத்த தேக்குச் சட்டத்தில் கம்பிகளைப் போட்டு மேலே மரமூடி. ரீப்பர் ஓடும் தடத்தைக் கவனித்தால் ஒயர்மேனின் கண் தெரியும். சுவர் நடுவில் குறுக்கே ஓடாது. கதவு நிலையின் ஓரம், உத்தரத்தின் அடி, சுதை வேலை முடியும் கோடு என்று ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் இடமாகப் பார்த்து ஓடும். நிலையும் தேக்கு, ரீப்பரும் தேக்கு. மரத்தோடு மரமாகப் போய்விடும்.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும். ரீப்பர் வயரிங் அன்று ஊரெல்லாம் இருந்த வழக்கம்தானே, மதுரையில் சாதாரண ஓட்டு வீட்டிலும் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இதேதானே, செட்டிநாட்டில் மட்டும் இதற்கு என்ன ஞானம் கற்பிப்பது? மறுப்பு சரி. அந்த ஒயர்மேன்கள் பாரம்பரியக் காப்பு பற்றி எங்கும் படித்தவர்கள் இல்லை. கையில் இருந்த முறை அது, செய்தார்கள். ஆனால் நான் அவர்கள் எண்ணத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வரவில்லை. அவர்கள் கைவேலையின் விளைவைத்தான் சொல்கிறேன். கட்டடக் காப்பாளர்கள் 1964இன் வெனிஸ் சாசனம் தொடங்கி இன்றுவரை வலியுறுத்தி வரும் நெறிகளில் பலவும், பழையதற்கு மதிப்பளி, குறைவாகச் செய், திரும்ப எடுக்கும்படி செய் என்றுதான் வந்து முடிகின்றன. ரீப்பரை இன்று கழற்றினால் மிஞ்சுவது சில கட்டைத் துளைகள். அதைச் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம்.

பின்னால் வந்த முறைக்கு இந்தப் பெருமை கிடையாது. பிளாஸ்டிக் பைப் மலிவாகி, சுவரில் காடி அடித்துப் பைப்பைப் புதைத்துச் சிமெண்ட் பூசும் பழக்கம் எங்கும் பரவியதும் பெரிய வீடுகளையும் அது விடவில்லை. செங்கல் சுவருக்கும் சிமெண்ட் பூச்சுக்கும் அது பொருந்தும். செட்டிநாட்டுப் பூச்சு வேறு சாதி. சுண்ணாம்பும் சலித்த மணலும் பல அடுக்காக ஏறி, கடைசி அடுக்கில் நன்றாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த மெருகு அது. கை வைத்தால் சலவைக்கல் போலக் குளிரும். அதில் இரண்டு அங்குல அகலத்துக்குக் காடி வெட்டினால் அந்தத் தழும்பு மறையவே மறையாது. புதுப்பூச்சும் பழைய பூச்சும் ஒரே நிறத்துக்கு வராது. மெருகு சேரும் இடத்தில் கோடு விழும். வெட்டிய இடத்தில் சிமெண்ட் போட்டால் கேடு இன்னும் பெரிது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பைத் தேடிப் போய் அங்கே உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். கம்பியை மறைக்கப் போய்ச் சுவரை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்த கதைதான்.

புதிய சக்தியைப் பழைய பாண்டத்துக்குள் ஊற்றும் சாமர்த்தியம் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. வடக்கு இங்கிலாந்தில், நார்தம்பர்லாந்து மலைச்சரிவில் உள்ள கிராக்சைடு மாளிகையில் பொறியாளர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் 1880ஆம் ஆண்டின் கடைசியில் ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகளை ஏற்றினார்; மின்சாரம் அவரது தோட்டத்து ஓடைநீரிலிருந்து வந்தது. நூலகத்தில் அவர் செய்த ஏற்பாடு இன்று படித்தாலும் வியப்பு. அதுவரை மண்ணெண்ணெய் விளக்கைத் தாங்கிய எனாமல் பூந்தாழிகளையே மின்விளக்குக்கும் பீடமாக்கினார். தாழியின் உடல் செம்பு, ஆகவே மின்சாரம் திரும்பிப் போகும் பாதை அதுவே. அடிப்பீடத்தின் நடுவில் சிறிய பாதரசக் கிண்ணம். தாழியின் உள்ளே வரும் கம்பியின் நுனி அதில் முங்கியிருக்கும். தாழியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். மொத்தம் 45 விளக்குகள், அறைக்கு அறை மாற்றிக்கொள்வதால் ஒரே நேரத்தில் 37க்கு மேல் எரிய வேண்டியதில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்தக் காலத்துப் பாதுகாப்பு விதிப்படி அந்தப் பாதரசக் கிண்ணத்தை யாரும் வீட்டில் வைக்கக் கூடாது, அது வேறு. செட்டிநாட்டிலும் எண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் என்று கப்பலில் வந்த கண்ணாடி லஸ்தர்களுக்குள்ளும் குளோப்புகளுக்குள்ளும்தான் பல வீடுகளில் பல்பு நுழைந்தது. கொக்கி அதே கொக்கி, சங்கிலி அதே சங்கிலி.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு பலமானது. பாட்டன் கட்டிய வீட்டில் கேமராவும் ஸ்பீக்கரும் எதற்கு, இருந்தபடி இருக்கட்டுமே என்பவர்கள் உண்டு. அந்த மனநிலையை மதிக்கிறேன். ஆனால் 'இருந்தபடி' என்று ஒரு நிலை இந்த வீடுகளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. தங்கள் காலத்தில் உலகத்தில் கிடைத்த புதுமை எதையும் அவர்கள் வாசலிலேயே நிறுத்தியதில்லை. இங்கிலாந்து இரும்பு, இத்தாலிச் சலவைக்கல், ஜப்பான் ஓடு, இலங்கை முதிரை என்று துறைமுகம் துறைமுகமாக வாங்கி வந்தவர்கள். வீட்டு அமைப்பே தானியங்கி யோசனைதான். சரிந்த ஓட்டுக்கூரை மழையை முற்றத்துக்குள் இறக்கும். அங்கே அண்டாவிலும் தொட்டியிலும் பிடித்ததுபோக மிச்சம் நிலத்துக்குள் போகும். வெயில் காலத்தில் முற்றத்தின் சூடான காற்று மேலேற, நிழல் பட்ட பட்டாலை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். யாரும் விசையைத் திருப்ப வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டை மின்னணுக் கருவி தீட்டுப்படுத்திவிடும் என்பது கட்டியவர்களுக்கே புரியாத ஆசாரம். அதோடு, பூட்டிக் கிடக்கும் வீடு இருந்தபடி இருப்பதும் இல்லை. ரப்பர் உறை நொறுங்கிய கம்பியில் எலி பல் வைத்தால் தேக்கு உத்தரம் பற்றிக்கொள்ளும். கைவிட்ட வீடுகளின் தூணும் கதவும் எங்கே வருகின்றன என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் போதும்.

மூன்றாவது எதிர்ப்பு, கருவி விற்பவர்கள் சொல்வது: இப்போது எல்லாம் வயர்லெஸ், சுவரைத் தொடவே வேண்டாம், பிறகு எதற்கு இந்த ரீப்பர் புராணம்? இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வீடே மறுத்துவிடும். ஒன்றரை அடி, இரண்டு அடிச் சுவர். சில இடங்களில் இரும்பு உத்தரம். ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அது ஒளியைத் திருப்புவதுபோலவே வைஃபை அலையையும் திருப்பும். முகப்பில் வைத்த ரவுட்டர் முகப்போடு நின்றுபோவது அதனால்தான். ஆனால் இந்த வீட்டில் அலைக்கும் ஒரு வழி இருக்கிறது. முகப்பு வாசலில் நின்றால் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல்வரை ஒரே நேர்கோட்டில் கண் போகும். பார்வையும் காற்றும் போகிற அந்தக் கோட்டில் அலையும் போகும். கட்டுக்கு ஒன்றாக, அந்தக் கோட்டைப் பார்த்தபடி தூண் போதிகைக்கு மேலே ஒரு சிறு கருவி வைத்தால் வேலை நடக்கும். ஓரத்து அறைகளுக்கு, சுவரை இன்னும் நன்றாகக் கடக்கும் 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக் கருவிகள் இருக்கின்றன, இந்தியாவில் அதற்கு உரிமம் வேண்டாம். எந்த வயர்லெஸ் கருவிக்கும் மின்சாரம் வேண்டும் அல்லது பேட்டரி வேண்டும் என்பதை மட்டும் விற்பவர் சத்தமாகச் சொல்ல மாட்டார். மின்சாரம் வரப்போவது அந்தப் பழைய ரீப்பர் தடத்தில்தான்.

விளக்கைக் கைப்பேசியில் ஆளத் தீப்பெட்டி அளவு ரிலே ஒன்றைச் சுவிட்சின் பின்னால் ஒளித்தால் போதும். குமிழ் சுவிட்சு அப்படியே வெளியே இருக்கும், திருப்பினாலும் எரியும். சிக்கல் இரண்டு. ரவுண்ட் பிளாக்கின் உட்குழி அதற்கு ஆழம் போதாது. பழையதைக் குடையக் கூடாது. அதே வட்டத்தில் தடிமன் கூடிய புதுக் கட்டையைத் தச்சரிடம் கடைந்து வாங்கி மாட்டிவிட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, பழைய விளக்குச் சுவிட்சுகளுக்குப் பேஸ் கம்பி மட்டுமே வரும். நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். பெரும்பாலான ரிலேக்கள் இரண்டும் கேட்கும். சுவருக்குள் புதைத்த வீடாக இருந்தால் மறுபடி உளியை எடுக்க வேண்டியதுதான். ரீப்பர் வீட்டில் கிளிப்பைத் திறந்தோ கேப்பிங் மூடியைக் கழற்றியோ இன்னொரு கம்பியைச் சேர்த்து மூடிவிடலாம். நொறுங்கிய ரப்பர் கம்பியைக் கட்டாயம் மாற்றத்தான் வேண்டும், அதையும் அதே தடத்தில் மாற்றலாம். மோட்டார் போன்ற பெரிய சுமையை இந்தச் சின்ன ரிலேயில் ஏற்றாமல், மெயின் போர்டிலேயே கான்டாக்டர் வைத்துப் பிரித்துவிடுவது நல்லது. மரக்கட்டைக்குள் சூடு ஏற விடக் கூடாது.

கழற்ற முடிவதைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் வெறும் அழகு இல்லை, ஆயுள். பித்தளைக் குமிழ் சுவிட்சு எழுபது ஆண்டு கழித்தும் டக்கென்று விழுகிறது. ஸ்மார்ட் கருவியின் ஆயுள் அதைச் செய்த கம்பெனியின் சர்வரோடு கட்டப்பட்டது. வீட்டுக் கருவிகளை இணைத்து ஆளும் ரிவால்வ் என்ற ஹப்பை விற்ற நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016இல் அதன் சேவையை நிறுத்தியதும் சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியாயிற்று. வேகமாகச் செத்துப்போகும் ஒன்றை நூறாண்டுச் சுவருக்குள் அடக்கம் செய்வது எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே வீட்டுக்குள்ளேயே இயங்கும், இணையம் அறுந்தாலும் வேலை செய்யும் ஹப்பாகப் பார்த்து வாங்குவதும், எந்தக் கருவி செத்தாலும் கைச் சுவிட்சு உயிரோடிருக்கும்படி இணைப்பதும் அவசியம்.

எதைத் தானியக்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நிறம் மாறும் விளக்கும், குரலுக்குத் திறக்கும் திரைச்சீலையும் இந்த வீடு கேட்காதவை. திரைச்சீலையே இல்லாத வீட்டில் அதற்கு மோட்டார் வைக்கத் துடிப்பவர்களை என்ன சொல்வது! ஆண்டில் பல மாதம் பூட்டிக்கிடந்து, கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி, படைப்பு, கோயில் திருவிழா என்றால் மட்டும் திறக்கும் வீடு இது. அதன் எதிரி ஐப்பசி மழையில் நழுவும் ஒற்றை ஓடு. ஓடு நழுவினால் தண்ணீர் கைமரத்தில் இறங்கும், ஈரமான மரத்துக்குக் கரையான் வரும். அடுத்த விசேஷத்துக்குத் திறக்கும்போது உத்தரமே போயிருக்கும். இரண்டு உலோக முனை நனைந்தால் செய்தி அனுப்பும் சின்ன ஈரமானியைக் கூரைக்கடியில் பத்திடத்தில் வைத்தால், முற்றத்தில் நிற்பவர் கண்ணில் ஒன்றும் படாது. ஓடு மாற்ற ஆள் அனுப்ப நேரம் கிடைக்கும். பூட்டியிருக்கும் நாட்களில் ஹப்புக்கும் கேமராவுக்கும் ஒரு தனி லைனை விட்டுவிட்டு மற்ற எல்லா லைனையும் அணைத்து வைக்க முடிவது அடுத்த பெரிய லாபம். ஏ.சி. விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் தீரவில்லை. ஜன்னலை அடைத்து அறையைக் குளிரவைத்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரைத் தேடி வரும். மெருகுப் பூச்சுக்கு அது ஆகாது. ஓட்டலாக மாறிய வீடுகளுக்கு அது பிழைப்பு, அவர்கள் ஒரு வழி பண்ணிக்கொள்கிறார்கள். குடும்ப வீட்டுக்கு மின்விசிறி போதும்.

கடைசியாக, கருவி விற்பவர் கேட்க மறந்துவிடும் கேள்வி: பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? நகரத்தார் வீடு தனி ஒருவர் வீடு இல்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி வளவில் தனி அறை, தனிப் பூட்டு, தனிக் குடித்தனமாக வேறு வைத்தபின் தனி அடுப்பு. முகப்பும் வளவும் முற்றமும் பொது. மூன்று தலைமுறை கழிந்த வீட்டில் பங்காளிகள் டஜன் கணக்கில் இருப்பார்கள், ஐந்து நாட்டில் இருப்பார்கள். அதில் ஒருவர் ஆர்வமாகத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் எல்லாக் கருவியையும் பதிந்துவிட்டால், பொது வளவின் சாவியை அவர் ஒருவரே இடுப்பில் செருகிக்கொண்டதாகும். பாட்டன் வகுத்த எல்லைக்கோடு இங்கேயும் உதவும். பொது இடத்து விளக்கும் மோட்டாரும் குடும்பத்தின் பொதுக் கணக்கில். புள்ளி அறைக்குள் இருப்பது அந்தப் புள்ளியின் கணக்கில். கேமரா முகப்பு வாசலிலும் பின்வாசலிலும் போதும். வெளியாரை முகப்போடு நிறுத்தி உள்ளே வீட்டுப் பெண்கள் தாராளமாக நடமாடவே கட்டுக்கட்டாகப் பிரித்த வீட்டில், இரண்டாம் கட்டுக்குள் லென்ஸைத் திருப்புவது வாட்ச்மேன் மனைவியையும் சேர்த்து எல்லாரையும் கட்டிப்போடும். கேமரா வந்துவிட்டதே என்று வாட்ச்மேனை நிறுத்துவதும் சரியில்லை. ஈரமானி செய்தி அனுப்பும்; ஏணி வைத்து ஓட்டை நேராக்க அவர்தான் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்தபின் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கல்யாணச் சீரில் வந்த பாத்திரத்தைக்கூட ஒன்று விடாமல் எழுதி வைத்த சமூகம் இது. கம்பி ஓட்டிய ஒயர்மேன்களோ வீட்டில் ஒரு வரைபடமும் வைத்துவிட்டுப் போனதில்லை. ரீப்பர் கண்ணுக்குத் தெரிந்ததால் அந்தக் குறை பிழைத்துப்போனது. தீப்பெட்டி அளவு ரிலே அப்படிக் கண்ணில் படாது. எந்தக் கட்டைக்குப் பின்னால் எது இருக்கிறது, எந்த லைன் எந்த பியூஸில் சேருகிறது, கழற்றிய பழைய ரவுண்ட் பிளாக்குகள் எந்தப் பெட்டகத்தில் இருக்கின்றன, ஹப்பின் கணக்கு யார் யார் பெயரில் என்று தமிழில் எழுதி, ஒரு படியை மெயின் போர்டுக்குப் பக்கத்திலும் இன்னொன்றை வீட்டுப் பத்திரங்களோடும் வைக்க வேண்டும். அடுத்த ஒயர்மேன் வரும்போது முதலில் கேட்கப்போவது அதைத்தான்.